மாடித்தோட்டமும் போட்டி மேடையும்: மாணவர் தொழில் குறித்து வாசகர் கேள்விகள்

வீடுகளுக்கு மாடித்தோட்டம் அமைத்துக் கொடுப்பதையும் அதைப் பராமரிப்பதையும் கல்லூரியில் படிக்கும்போதே தொழிலாக எடுத்துக்கொண்டு, அந்தத் தொழிலைப் பிட்ச் போட்டிகளில் (தொழில் யோசனையைச் சில நிமிடங்களில் விளக்கிப் பரிசு கேட்கும் போட்டிகளில்) நடுவர்கள் முன் வைக்கும் மாணவர்களிடமிருந்து அண்மையில் நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. அவர்களுடைய பெற்றோரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றியே கேள்விகள் அமைந்திருப்பதால், இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். பலர் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறோம்.

கேள்வி: நாங்கள் நான்கு மாணவர்கள். இருவர் தோட்டக்கலையும் ஒருவர் வணிகவியலும் ஒருவர் இயந்திரவியலும் படிக்கிறோம். ஓராண்டாக வீடுகளில் குரோ பேக் (செடி வளர்க்கும் பை) தோட்டம் அமைத்துத் தருகிறோம். எங்கள் கல்லூரியின் தொழில்முனைவோர் மையம், கண்ணில் படும் போட்டிகளுக்கெல்லாம் விண்ணப்பிக்கச் சொல்கிறது. போட்டிக்குத் தயாராவதிலேயே காலம் போவதால், ஏற்கெனவே தோட்டம் அமைத்த வீடுகளைப் போய்ப் பார்க்க முடியவில்லை. எத்தனை போட்டிகளில், எந்தப் போட்டிகளில் கலந்துகொள்ளலாம்?
– மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியிலேயே விடைக்கான வழி இருக்கிறது. வீடுகளைப் பார்க்க நேரமில்லாமல் போகும் அளவுக்குப் போட்டிகள் பெருகிவிட்டால், மேடையில் சொல்வதற்கு உங்களிடம் புதிதாக எதுவும் இருக்காது. ஒரே படங்களையும் ஒரே எண்களையும் ஊர் ஊராக எடுத்துச் செல்லும் குழுவை அனுபவமுள்ள நடுவர்கள் சில நிமிடங்களிலேயே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆகவே ஒரு பருவத்துக்கு இரண்டு போட்டிகளுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. அந்த இரண்டிலும் ஒன்று, உங்கள் தொழிலின் இன்றைய நிலைக்கு நேரடியாகப் பணமோ வழிகாட்டலோ தரக்கூடியதாக இருக்கட்டும்.

போட்டிகள் எல்லாம் ஒரே வகையல்ல. ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் 2017 முதல் நடந்து வருகிறது. அதில் அமைச்சகங்களும் நிறுவனங்களும் முன்வைக்கும் சிக்கல்களுக்குத் தீர்வு காண வேண்டும், நீங்கள் நடத்தும் தொழிலை அங்கே விளக்க இடமில்லை. தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கப்பட்டது. அதன்கீழ் நடக்கும் நிரல் திருவிழாவும் பெரும்பாலும் மாணவர்களின் செயல்திட்டங்களை மையமாகக் கொண்டது. உங்கள் இயந்திரவியல் நண்பர் சொட்டுநீர் அமைப்பிலோ ஈரப்பத உணரியிலோ ஏதேனும் செய்திருந்தால் அவருக்கு அது பொருந்தும். மும்பை ஐ.ஐ.டி. மாணவர்களின் தொழில்முனைவு மன்றம் 1998 முதல் நடத்தும் யுரேகா, தொழில் மாதிரியை மதிப்பிடும் போட்டி. பத்து லட்சம் டாலர் பரிசு கொண்ட ஹல்ட் பரிசு, உலகெங்கும் உள்ள மாணவர்கள் சமூகப் பயனுள்ள தொழில்களுடன் மோதும் களம். அங்கே கோவையின் சில பகுதிகளில் மட்டும் செய்யும் பராமரிப்புச் சேவை எடுபடுவது கடினம், பல நகரங்களுக்கு விரியும் வழியை நீங்கள் காட்டியாக வேண்டும்.

இவற்றோடு, போட்டி என்ற பெயரில் வராவிட்டாலும் நடுவர் குழுவின் முன் நின்று பேச வேண்டிய நிதித் திட்டங்கள் இருக்கின்றன. உங்களைப் போன்ற குழுவுக்கு என் பார்வையில் அவைதான் முதன்மையானவை. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் ராஃப்தார் பிரிவின்கீழ் வேளாண் தொழில் காப்பகங்கள் (இளம் தொழில்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் மையங்கள்) இயங்குகின்றன. அதில் யோசனை நிலையில் இருப்பவர்களுக்கு ரூ.5 லட்சம் வரையிலும், விதைநிதி (தொழிலின் தொடக்க முதலீடு) நிலையில் இருப்பவர்களுக்கு ரூ.25 லட்சம் வரையிலும் மானியம் வகுக்கப்பட்டது. உங்கள் ஊரிலேயே உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அத்தகைய காப்பகம் செயல்படுகிறது. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் வழங்கும் புத்தாக்கச் சான்றுச்சீட்டு (இன்னொவேஷன் வவுச்சர்) திட்டமும், மாநில அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு விதைநிதி வழங்கும் டான்சீட் திட்டமும் இந்த வரிசையில் வரும். விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அமைப்பின் அப்போதைய அறிவிப்பை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

ஆடிப்பட்டத்தில், அதாவது ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, புதிதாகத் தோட்டம் போட விரும்புவோர் அதிகம் அழைப்பார்கள். அந்த வாரங்களில் எந்தப் போட்டியையும் ஏற்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கடுமையாக இருக்கும்போது புதிய வேலை குறையும். நிழல்வலையைச் சரிபார்ப்பதும் நீர்ப்பாய்ச்சுவதைக் கண்காணிப்பதும்தான் அப்போதைய பணி. போட்டித் தயாரிப்புக்கு ஏற்ற காலம் அதுவே.

கேள்வி: மாநில அளவிலான ஒரு போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்தோம். குரோ பேக், தென்னை நார்க் கட்டி, விதை, இயற்கை உரம் அடங்கிய எங்கள் தொகுப்பை ரூ.1,200 என்று விலை சொன்னவுடன் ஒரு நடுவர், “இதையே அரசு மானிய விலையில் தருகிறதே, உங்களிடம் ஏன் வாங்க வேண்டும்?” என்று கேட்டார். எங்கள் தொகுப்பின் தரம் உயர்ந்தது என்றோம். அவர் ஏற்கவில்லை, பரிசும் கிடைக்கவில்லை. என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?
– மாணவி, மதுரை

பதில்: நடுவர் கேட்டது நியாயமான கேள்வி. தோட்டக்கலைத் துறை 2013-14இலேயே சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தொகுப்புகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில், ரூ.900 மதிப்புள்ள தொகுப்பு ரூ.225க்குக் கிடைத்தது. ஆறு வளர்ப்புப் பைகள், இரண்டு கிலோ எடையுள்ள ஆறு தென்னை நார்க் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், 400 கிராம் உயிர் உரம், 200 கிராம் உயிரியல் நோய்க்கட்டுப்பாட்டுப் பொருள், 100 மில்லி இயற்கைப் பூச்சிக்கொல்லி, சாகுபடிக் கையேடு ஆகியவை அதில் இருந்தன. உங்கள் பெட்டியில் இருப்பவையும் ஏறத்தாழ இவைதாம். அப்படியிருக்க, தரத்தைக் காட்டி விலையை நியாயப்படுத்துவது எடுபடாது.

ஆனால் அதே நடுவரிடம் பணிவாக நீங்கள் திருப்பிக் கேட்டிருக்கக்கூடிய ஒன்று இருக்கிறது: மலிவாகக் கிடைத்த தொகுப்புகளை வாங்கியவர்களின் மாடிகளில் மூன்றாம் மாதம் என்ன நிலவரம்? மாடித்தோட்டத்தில் கைவைத்த எவருக்கும் தெரிந்ததுதான். தென்னை நார்க் கட்டியை ஒருமுறை ஊறவைத்து, உப்பைக் கழுவி வெளியேற்றாமல் அப்படியே பையில் நிரப்பினால், நாற்று முளைத்த சில நாட்களில் இலை நுனி கருகத் தொடங்கும். வீட்டுக்காரர் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவார், வேர் அழுகும். அடுத்து வெண்டையில் அசுவினியும், செம்பருத்தியிலிருந்து கத்தரிக்குத் தாவும் மாவுப்பூச்சியும் வரும். வேப்ப எண்ணெயை லிட்டருக்கு ஐந்து மில்லி என்ற அளவில் சோப்புக் கரைசலோடு கலந்து, இலையின் அடிப்பக்கம் படும்படி மாலையில் தெளிக்க வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருந்தாலும், பூச்சியைக் கண்ட அன்றே அதைச் செய்பவர்கள் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் வடிகால் துளை அடைபட்ட பைகளில் நீர் தேங்கும். இவ்வளவும் கடந்த பிறகு பல வீடுகளில் பைகள் மட்டுமே எஞ்சி மாடி மூலையில் அடுக்கப்பட்டுவிடும்.

நீங்கள் விற்க வேண்டியது பெட்டியை அல்ல. செடி உயிரோடு இருப்பதை. அரசுத் தொகுப்பை உங்கள் போட்டியாளராகப் பார்க்காமல் உங்களுக்கு வாடிக்கையாளரைச் சேர்த்துத் தரும் வாயிலாகப் பாருங்கள். மானியத் தொகுப்பு வாங்கிய வீடுகளுக்கே சென்று, நாரைக் கழுவுவதிலிருந்து முதல் காய் பறிப்பது வரை கூட நின்று, அதற்கு மட்டும் கட்டணம் வாங்குங்கள். அப்போது நடுவரின் கேள்விக்கு, “ஆம், அரசு தருகிறது. அந்தத் தொகுப்பை வாங்கிய இத்தனை வீடுகளில் நாங்கள் பராமரிக்கும் செடிகள் ஆறாம் மாதமும் காய்க்கின்றன, இதோ பதிவேடு” என்று சொல்ல முடியும். அந்தப் பதிவேடு இப்போது உங்களிடம் இருக்காது. ஆகவே அடுத்த போட்டிக்கு விண்ணப்பிக்கும் முன், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நட்ட தேதி, செடி வகை, முதல் மாதத்திலும் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் உயிரோடிருந்த செடிகளின் எண்ணிக்கை, பட்டுப்போனதற்கான காரணம், பறித்த காயின் எடை ஆகியவற்றை எழுதி வாருங்கள். பட்டுப்போனவற்றையும் மறைக்காமல் காட்டுங்கள். எந்தத் தவறால் எத்தனை செடிகள் போயின, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று சொல்லத் தெரிந்த மாணவரை நான் இருபது வண்ணப் படங்கள் காட்டுபவரைவிட அதிகம் நம்புவேன். பெரும்பாலான நடுவர்களும் அப்படித்தான்.

அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டையும் இங்கே சொல்வது பொருந்தும். 2009இல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படித்த நிகில் அரோரா, அலெஹாந்த்ரோ வேலெஸ் ஆகிய இருவரும், காப்பி வடித்தபின் மிஞ்சும் சக்கையில் காளான் வளர்க்கலாம் என்று வகுப்பில் கேட்டதை வைத்துப் பத்து வாளிகளில் முயன்றார்கள். ஒன்பதில் எதுவும் வரவில்லை. ஒன்றில் சிப்பிக்காளான் முளைத்தது. அந்த ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஊரின் பெயர்பெற்ற உணவகத்துக்கும் ஹோல் ஃபுட்ஸ் என்ற பல்பொருள் அங்காடிக்கும் சென்று, வாங்குவார்களா என்று கேட்டார்கள். பல்கலைக்கழக வேந்தர் 5,000 டாலர் உதவித்தொகை அளித்தார். பேக் டு தி ரூட்ஸ் நிறுவனம் பிறந்தது. முதலில் காளானை விற்றவர்கள், பிறகு வீட்டிலேயே காளான் வளர்க்கும் பெட்டிக்கு மாறினார்கள். இன்று விதையும் மண்கலவையும் விற்கிறார்கள். முளைத்த ஒரு வாளியும், அதைப் பார்த்து ஆர்வம் காட்டிய கடைக்காரரும் அவர்களுடைய பேச்சுக்குப் பின்னால் நின்றார்கள்.

கேள்வி: சந்தை அளவு என்ன என்று கேட்டால், சென்னையில் உள்ள வீடுகளின் எண்ணிக்கையைச் சொல்லி அதில் ஒரு விழுக்காடு என்கிறோம். நடுவர்கள் திருப்தி அடைவதில்லை. மாதாந்தரப் பராமரிப்புச் சேவைக்கு ரூ.500 வாங்குகிறோம். கணக்கை எப்படிக் காட்டுவது?
– மாணவர், தாம்பரம்

பதில்: நகரத்தின் வீடுகளில் ஒரு விழுக்காடு என்பது கணக்கே அல்ல; எவரும் எதற்கும் சொல்லக்கூடியது. உங்கள் தொழிலில் லாப நட்டத்தைத் தீர்மானிப்பது, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குச் செல்லும் தூரம். இதை ஓர் உதாரணக் கணக்காகப் பார்ப்போம். எண்களை உங்கள் நடைமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பணியாளருக்கு மாதம் ரூ.18,000 சம்பளம், பெட்ரோலுக்கு ரூ.3,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ.21,000. ஒவ்வொரு வீட்டுக்கும் மாதம் இருமுறை செல்ல வேண்டும். வாடிக்கையாளர்கள் ஒரே பகுதியில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தால் அவரால் நாளொன்றுக்கு ஆறு வீடுகளைப் பார்க்க முடியும். 25 வேலை நாட்களில் 150 முறை, அதாவது 75 வீடுகள். வீட்டுக்கு ஆகும் செலவு ரூ.280. அதே 75 வீடுகள் தாம்பரம், வேளச்சேரி, அண்ணா நகர் என்று சிதறிக் கிடந்தால் நாளுக்கு மூன்று வீடுகளே இயலும். ஒருவரால் 37 வீடுகளை மட்டுமே கவனிக்க முடியும், பெட்ரோல் செலவு கூடாது என்றே வைத்துக்கொண்டாலும் வீட்டுக்கு ரூ.568 ஆகிவிடும். வேப்ப எண்ணெய், உயிர் உரம் முதலியவற்றுக்கு வீட்டுக்கு ரூ.60 சேர்த்தால், முதல் நிலையில் ரூ.340, இரண்டாவதில் ரூ.628. நீங்கள் வாங்குவதோ ரூ.500. அதாவது ஒரே சேவை, ஒரே கட்டணம். ஒரு பகுதியில் லாபம், சிதறினால் நட்டம்.

இந்தக் கணக்கை ஒரே படத்தில் காட்டிவிட்டு, முதல் ஆண்டில் இரண்டு பகுதிகளுக்கு வெளியே வேலை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களோடு பேசினால் ஒரே கட்டடத்தில் பல வீடுகள் கிடைக்கும். அந்தப் பகுதிகளில் எத்தனை சங்கங்கள் உள்ளன, எத்தனையிடம் பேசினீர்கள், எத்தனை ஒப்புக்கொண்டன என்பதே உங்கள் சந்தை அளவு. நடுவர் அடுத்துக் கேட்கப்போவது பருவம் பற்றி: கோடையில் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள், மழைக்காலத்தில் எத்தனை பேர் நிறுத்துகிறார்கள் என்பதையும் எழுதி வைத்திருங்கள். கட்டணத்தை ஆண்டுக்கு முன்கூட்டியே வாங்கிச் சிறு தள்ளுபடி தருவது, கோடையில் வாடிக்கையாளர்களைத் தக்கவைக்க உதவும்.

குடியிருப்புச் சங்கங்களிடம் செல்லும் முன் கூரையின் எடைதாங்கும் திறன் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்கள் ஏறிப் புழங்கும் தட்டைக் கூரைகளுக்கு இந்தியத் தர நிர்ணயம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ, என்ற சுமையை வடிவமைப்பு அளவாகக் கொள்கிறது. மண் கலந்த பன்னிரண்டு அங்குலப் பை நனைந்தபின் பதினைந்து கிலோவைத் தாண்டக்கூடும். நெருக்கி அடுக்கினால் அளவு எளிதில் மீறிவிடும் என்பதால் பைகளைச் சுவரோரமாகவும் தூண், உத்தரம் உள்ள கோடுகளிலும் இடைவெளி விட்டு வைப்பதும், நாரைப் பெரும்பங்காகக் கொண்ட கலவையைப் பயன்படுத்துவதும், பையைத் தரையில் படாமல் தாங்கியின்மேல் வைப்பதும் நல்லது. பழைய கட்டடமானால் பொறியாளரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். சங்கச் செயலாளர்கள் முதலில் கேட்பது நீர்க்கசிவைப் பற்றித்தான். அதற்குத் தெளிவான விடை சொல்பவருக்கே வேலை கிடைக்கும்.

கேள்வி: விதைகளைச் சிறு பொட்டலங்களாக்கி எங்கள் பெயர் ஒட்டி விற்கிறோம், மண்புழு உரமும் பஞ்சகவ்யமும் அப்படியே. இதற்கு உரிமம் வேண்டுமா என்று ஒரு நடுவர் கேட்டபோது திகைத்துவிட்டோம்.
– மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: வேண்டும். விதை விற்பனை, 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்துக்கும் 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைக்கும் உட்பட்டது. விற்பவருக்கு உரிமம் தேவை. மண்புழு உரமும் உயிர் உரங்களும் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் வருகின்றன. அவற்றுக்குத் தர அளவுகள் உள்ளன. பூச்சிக்கொல்லி என்று சொல்லி எதையேனும் விற்றால், அது வேம்பு சார்ந்ததாக இருந்தாலும், 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் குறுக்கே நிற்கும். பொட்டலத்தில் எடை, விலை, தயாரித்தவர் முகவரி முதலியவற்றை அச்சிட வேண்டியது தனி.

மாணவர்களுக்கு எளிய வழி, இவற்றை விற்காமல் இருப்பதே. உரிமம் பெற்ற கடையிலிருந்து, முத்திரை பிரிக்காத பொட்டலங்களை வாடிக்கையாளர் பெயரிலேயே பில் போட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, அமைப்பதற்கும் பராமரிப்பதற்கும் மட்டும் கட்டணம் வாங்குங்கள். பஞ்சகவ்யத்தைப் புட்டியில் அடைத்து விற்பதற்குப் பதிலாக, வீட்டுக்காரர்கள் தாமே தயாரிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி நடத்துங்கள். அதற்குக் கட்டணம் வாங்குவதில் தடையில்லை. உங்களில் வேளாண் பட்டப்படிப்பு படிப்பவர் இருந்தால், பட்டம் முடிந்தபின் உரம், பூச்சிக்கொல்லி விற்பனை உரிமத்துக்கு அந்தத் தகுதி உதவும். இதை “இரண்டாம் கட்டம்” என்று திட்டத்தில் குறிப்பிட்டாலே, சட்டத்தைப் படித்திருக்கிறீர்கள் என்பது நடுவர்களுக்கு விளங்கிவிடும்.

கேள்வி: தமிழ்வழியில் படித்தவன் நான். தோட்டத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. குழுவில் ஆங்கிலம் சரளமாகப் பேசும் நண்பரே எப்போதும் மேடையேறுகிறார். ஆனால் கேள்வி நேரத்தில் அவருக்குச் செடி பற்றித் தெரிவதில்லை.
– மாணவர், திண்டுக்கல்

பதில்: மேடையில் இருவரும் நில்லுங்கள். முதல் ஐந்து நிமிட உரையை அவர் நிகழ்த்தட்டும். கேள்விகளுக்கு நீங்கள் விடை சொல்லுங்கள். மாநில அளவில் நடக்கும் போட்டிகளில் தமிழில் பேசலாமா என்று முன்கூட்டியே அமைப்பாளர்களுக்கு எழுதிக் கேளுங்கள். கேட்காமலேயே இடமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். தேசிய அளவிலான போட்டியானால், உங்களைக் கேட்கக்கூடிய முப்பது கேள்விகளைத் தமிழில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விடையை எளிய ஆங்கிலத்தில் நீங்களே சொல்லிப் பழகுங்கள். இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை. கழுவாத நாரில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் எவ்வளவு இருக்கும், கழுவினால் எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்தவர் சொல்லும்போது நடுவர்கள் மொழியைக் கவனிக்க மாட்டார்கள். உரையை எழுதும் வேலையிலும் நீங்கள் இருக்க வேண்டும்; தோட்டம் தெரியாதவர் எழுதிய உரையில் தோட்டம் இருக்காது. உங்கள் நண்பரையும் மாதம் நான்கு வீடுகளுக்காவது கூட்டிச் செல்லுங்கள்.

கேள்வி: என் மகன் மூன்றாமாண்டு படிக்கிறான். போட்டி, தோட்டம் என்று அலைகிறான். இரண்டு பாடங்களில் தோல்வி. தடுப்பதா, விடுவதா?
– தாய், சேலம்

பதில்: தடுக்க வேண்டாம், அம்மா. ஆனால் தோல்வியடைந்த இரண்டு பாடங்களையும் முடிக்கும்வரை புதிய போட்டிக்கு விண்ணப்பிப்பதில்லை என்று அவரோடு பேசி ஓர் உடன்பாட்டுக்கு வாருங்கள். ஏற்கெனவே பணம் வாங்கிய வீடுகளின் பராமரிப்பு மட்டும் தொடரட்டும். அது வாக்குக் கொடுத்த வேலை, இடையில் விடக்கூடாது. வாரத்தில் ஒரு நாள் அவரோடு நீங்களும் ஒரு வீட்டு மாடிக்குப் போய்வாருங்கள். அவர் செய்வது என்ன என்று பார்த்த பிறகு உங்கள் கவலையின் அளவு சரியாகத் தெரியும். கல்லூரியில் வருகைப்பதிவுச் சலுகை பற்றியும் விசாரியுங்கள். தொழில் தொடங்கிய மாணவர்களுக்குச் சில கல்லூரிகள் அதை அளிக்கின்றன.

கேள்வி: பரிசாக ரூ.50,000 கிடைத்தது. யாருக்கு எவ்வளவு என்பதில் எங்கள் நால்வர் குழுவுக்குள் மனக்கசப்பு வந்துவிட்டது. அடுத்து ஒரு காப்பகம் எங்கள் நிறுவனத்தில் பங்கு கேட்கிறது. நாங்கள் இன்னும் நிறுவனத்தைப் பதிவு செய்யவே இல்லை.
– மாணவர்கள், ஈரோடு

பதில்: பரிசுத்தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. போட்டிக்கு வைத்தது தொழிலை. பரிசும் தொழிலுக்கே உரியது. பயணச் செலவைக் கைக்காசிலிருந்து போட்டவர்களுக்குத் திருப்பித் தந்துவிட்டு, மீதியைத் தொழில் கணக்கில் வைத்து, எதற்குச் செலவிடுவது என்பதை நால்வரும் கையெழுத்திட்டு முடிவு செய்யுங்கள்.

பங்குப் பிரச்சினை இதைவிடப் பெரிது. இறுதியாண்டு முடிந்தவுடன் ஒருவர் வளாக நேர்காணலில் வேலை கிடைத்துப் போய்விடுவார், ஒருவர் மேற்படிப்புக்குச் செல்வார். தொழிலைத் தொடரப்போவது பெரும்பாலும் ஒருவரோ இருவரோதான். இன்றைக்கே நான்கு சம பங்குகளாகப் பதிவு செய்துவிட்டால், ஊரை விட்டுப் போனவருக்குக் கால்பங்கும், வெயிலில் நின்று நடத்துபவருக்குக் கால்பங்கும் என்றாகிவிடும். பங்குகள் ஒரே நாளில் உரிமையாகாமல், தொழிலில் இருக்கும் ஆண்டுகளுக்கு ஏற்பப் படிப்படியாக உரிமையாகும்படி ஒப்பந்தம் எழுதுங்கள்; மூன்று அல்லது நான்கு ஆண்டுக் காலவரையறை வழக்கமானது. எவர் விலகினாலும் வாடிக்கையாளர் பட்டியலும் பெயரும் நிறுவனத்துக்கே சொந்தம் என்பதையும் எழுதிவையுங்கள். நட்பு கெட்டுவிடுமே என்று தயங்காதீர்கள். எழுதி வைக்காததால் கெட்ட நட்புகளே அதிகம்.

பதிவைப் பொறுத்தவரை, மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனிநபர் உரிமையகத்துக்குக் கிடைக்காது. பதிவு செய்யப்பட்ட கூட்டு நிறுவனம், எல்.எல்.பி. (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை), பிரைவேட் லிமிடெட் போன்றவற்றுக்குக் கிடைக்கும். டான்சீட் போன்ற திட்டங்கள் அந்த அங்கீகாரத்தைக் கேட்கின்றன. டான்சீட்டில் பொதுவாக ரூ.10 லட்சமும், பெண்கள் தலைமையிலான நிறுவனங்கள், பசுமைத் தொழில்நுட்பம், ஊரகத் தாக்கம் ஆகிய பிரிவுகளுக்கு ரூ.15 லட்சமும் வழங்கப்பட்டன. அதற்கு ஈடாகச் சிறு பங்கு எடுத்துக்கொள்ளப்படும். பணம் தருபவர் சிறு பங்கு கேட்பதில் தவறில்லை. ஆனால் வெறும் இடவசதியும் வழிகாட்டலும் மட்டும் தந்துவிட்டுப் பத்து விழுக்காடு கேட்டால் மறுத்துவிடலாம் என்பதே என் கருத்து. எதில் கையெழுத்திடும் முன்பும் ஒரு பட்டயக் கணக்காளரிடம் காட்டுங்கள். பரிசுப்பணத்துக்கான வரி பற்றியும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இறுதிச் சுற்றுக்குச் செடிகளைக் கொண்டுபோகலாமா? எடுத்துச் சென்றால் பயனுண்டா?
– மாணவி, புதுச்சேரி

பதில்: கட்டாயம் கொண்டுபோங்கள். ஆனால் நர்சரியில் வாங்கிய செடியாக அது இருக்கக்கூடாது. நீங்கள் பராமரிக்கும் ஒரு வீட்டின் மாடியிலிருந்து, அந்த வீட்டாரின் அனுமதியோடு எடுத்து வந்ததாக இருக்கட்டும். தேதியைக் கணக்கிட்டு விதையுங்கள்: கீரை 25 முதல் 30 நாட்களில் பறிப்புக்கு வரும், வெண்டை ஏறத்தாழ 45 நாட்களில் முதல் காய் தரும், தக்காளிக்கு நாற்று நட்டபின் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டும். பேருந்தில் வருவதானால் தக்காளியைத் தவிருங்கள், கிளை ஒடிந்துவிடும். காய்த்த வெண்டை ஒன்றும், நன்கு கிளைத்த கத்தரி ஒன்றும் போதும். புறப்படும் நாளுக்கு முந்தைய மாலையில் நீர் ஊற்றுங்கள், காலையில் வேண்டாம். பை கனமாகி அடி பிய்ந்துகொள்ளும், அரங்கின் தரையும் நனையும்.

செடியோடு இன்னும் இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் கழுவாத தென்னை நாரிலும் மற்றொன்றில் மூன்று முறை கழுவிய நாரிலும் ஒரே நாளில் விதைத்த கீரை நாற்றுகள் இருக்கட்டும். நடுவர்களின் மேசைமேல் அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து, முதலாவதில் முளைப்பு ஏன் குறைந்தது, இலை ஏன் கருகியது என்று ஒரு நிமிடத்தில் விளக்குங்கள். பிறகு அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்து வீட்டுக்காரருக்குச் சொல்வதற்குத்தான் மாதம் இவ்வளவு கட்டணம் என்று உங்கள் விலையைச் சொல்லுங்கள். அரங்கில் தொலைவில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இரண்டையும் அருகில் வைத்து எடுத்த புகைப்படத்தைத் திரையிலும் வைத்திருங்கள். செடிகளை உள்ளே அனுமதிப்பார்களா என்பதை அமைப்பாளர்களிடம் ஒரு வாரம் முன்பே கேட்டு, எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்கிவிடுங்கள்.